ஒரு நீளம், இரண்டு குட்டை

அவர் எந்தப் பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் மூன்று வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். என் மகள் பவித்ராவுக்கு அவர் வைத்திருந்த பேர் 'மந்தவெளி'. கச்சேரி ரோட்டுப் பையன் 'கச்சேரி'. கடைசியில் இறங்குகிற குண்டுப் பையன் 'திருவான்மியூரு'. வேனுக்குள் சண்டை வந்தால், "கச்சேரி, அடையார் மேல இருந்து கைய எடு. அப்பால அடையாரு அழுதா நான் பொறுப்பில்ல" என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஊரே உள்ளே அடித்துக்கொள்வது போல இருக்கும். என்னை 'மந்தவெளிம்மா' என்று கூப்பிடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏண்ணா, பிள்ளைங்க பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்காதா?"

பழைய பனியனால் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார். "ஏறுறவன் பேரு நமக்கு இன்னாத்துக்கும்மா? எறங்குற எடம் தெரிஞ்சா போதும். பேரு மறந்தா புள்ள கோச்சிக்கும், அவ்ளோதான். எடம் மறந்தா?"

நான் பத்தாவதோடு நின்றவள். அதற்குமேல் தெரிந்துகொண்டதெல்லாம் ரவிக்கை தைக்கவும் புடவைக்கு ஃபால்ஸ் வைக்கவும் என் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து வந்ததுதான். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிடுவேன். மார்பு முப்பத்தாறு, கை ஒன்பது என்று முன்பக்கம் போய்க்கொண்டிருக்கும். பின்பக்கம் திருப்பினால் மனிதர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் அவர் சொன்னது மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது.

ஹாரன் விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மாதிரி அடிப்பார். பவித்ராவுக்கு இரண்டு குட்டை. திருவான்மியூருக்கு ஒரே நீளம். அபிராமபுரத்தில் ஏறிய யாழினிக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் வாட்ஸாப்பில் குழு ஆரம்பித்து 'வந்துவிட்டேன்' என்று போடச் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "போன்ல போட்டா நீங்க பாப்பீங்க. ஹாரன் அட்சா புள்ள கேக்கும். வரப்போறது நீங்களா, புள்ளயா?" என்றார். அந்தக் குழு அதோடு நின்றுபோயிற்று.

இன்னொன்று. யாராவது வந்து கையைப் பிடித்து வாங்கிக்கொண்டால்தான் பிள்ளையை இறக்குவார். ஒரு சாயங்காலம் திருவான்மியூர்ப் பையனின் அம்மா வாசலில் இல்லை. வாட்ச்மேன், "நான் பாத்துக்கிறேன், நீ கிளம்புப்பா" என்றிருக்கிறார். அந்த வாட்ச்மேன் வேலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பையனோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த வண்டிக்காக வேறு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்தச் சவாரியே அன்றோடு போயிற்று. "கேட்டாண்ட உட்டுட்டு வந்தா அது போட்டுட்டு வந்த மாதிரி. கைக்குக் கை மாத்துனாதான் எறக்குன மாதிரி" என்று மறுநாள் என்னிடம் சொன்னார். குரலில் வருத்தம் இல்லை. பிடிவாதமும் இல்லை. பல் தேய்ப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

பட்டினப்பாக்கத்து ஆள். முன்னே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, "கூட ஏறுனவன் எறங்கல" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. அதையும் நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகு எழுதியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

என் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தைக்கிறவர்களுக்குக் குண்டூசி வைக்க மூன்றாவது கை கிடையாது. வாய்தான். உதட்டில் நான்கைந்து ஊசியைக் கவ்விக்கொண்டு வேலை பார்க்கும்போது யார் எதைச் சொன்னாலும் 'ம்' என்பேன். காதில் விழுந்ததா என்பது எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் ஒருதரம் காஞ்சிபுரம் போகிறேன் என்று சொல்லிவிட்டே போனார். நானும் 'ம்' என்றேனாம். சாப்பாட்டு நேரத்துக்கு அவரைத் தெரு முழுக்கத் தேடினேன். அதிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை போயிற்று. இது தெரிந்து நடந்துகொண்டவர் வேன்காரர் ஒருவர்தான். கடை வாசலில் வந்து நின்று என் வாயைப் பார்ப்பார். "ஊசி கீதா? எட்த்துட்டு வாம்மா. நான் நிக்கிறேன்" என்பார். நான் ஊசிகளை டப்பாவில் போட்ட பிறகுதான், நாளைக்கு அரை நாள் பள்ளிக்கூடம் என்கிற அந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லுவார்.

இனி மலைக்கு வருகிறேன்.

யாழினி இருந்த அபிராமபுரத்து ஃபிளாட்டை இடித்துக் கட்ட எடுத்துக்கொண்டார்கள். அவள் குடும்பம் எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தது. அவளுக்கு அப்போது பத்து வயது, பவித்ராவுக்கு ஒன்பது. அப்படியாக வேனில் பன்னிரண்டு ஸ்டாப் பதினொன்றாகக் குறைந்தது. "மந்தவெளில இனிமே ரெண்டு. எனக்கு வாய் பழகல. நீ பாத்துக்கம்மா" என்று என்னிடம் சொன்னார். அபிராமபுரத்தில் நீலத் தகரம் அடித்த அந்த வாசலைத் தாண்டும்போது அவர் கை இன்னமும் ஹாரனுக்குப் போகிறது என்று பவித்ரா சொல்லிச் சிரிப்பாள்.

வேன் பிள்ளைகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்கும் ஒன்றாகப் போனார்கள். அதை நடத்திய சார் இருபத்தைந்து வயசுப் பையன். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு மலை, மேலே சின்ன முருகன் கோயில், அங்கே உட்கார்ந்து படம் வரையலாம் என்று ஏற்பாடு செய்தார். ஐப்பசி மாசம். "மழை வராதா சார்?" என்று கேட்டேன். போனைத் திருப்பிக் காட்டினார். அதில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது.

துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். யாழினியின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு டூட்டி. "அக்கா, நீங்க போறீங்கன்னுதான் இவளை அனுப்புறேன்" என்றாள். "என் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன், நீ நிம்மதியா போ" என்றேன். இப்படிச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

மலையடியில் வேனை ஒரு புளியமரத்துக்குக் கீழே நிறுத்தினார். பக்கக் கதவின் பூட்டு என்றைக்கோ போய்விட்டது. கயிற்றால் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். படகுக்காரர் முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் அவிழும். பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். அவர்களை வரிசையாக நிற்க வைத்தார். "கேட்டுக்க. எவனாவது வழி தப்பிட்டா கத்தாத, ஓடாத. வேனாண்ட வந்து உள்ள குந்திக்கினு இரு. நீ இல்லாம வேன் போவாது. புரிஞ்சிச்சா?"

"நீங்க வேன்லதான இருப்பீங்க அங்கிள்?" என்றாள் யாழினி.

"நான் இன்னாத்துக்கு இங்க? ஏத்துனது நானு. எறக்குற வரிக்கும் கூடத்தான் கீறேன்."

செருப்பில்லாமல் கடைசி ஆளாக ஏறினார். பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கே வந்தது. கணுக்கால் தண்ணீர்தான். பிள்ளைகள் வேண்டுமென்றே இரண்டு தடவை கடந்தார்கள். ஓடையைத் தாண்டி நாற்பது ஐம்பது அடி மேலே பாதையை ஒட்டி ஒரு பெரிய பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனோம். கோயிலில் புளிச்சோறு சாப்பிட்டார்கள். பென்சிலை எடுத்து ஒரு மரம் வரைந்து முடிப்பதற்குள் தூறல் விழுந்தது. சார் பையிலிருந்து கறுப்புக் குப்பைக் கவர்களை எடுத்தார். தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு எல்லோருக்கும் மாட்டிவிட்டார். நல்ல யோசனை என்று நானும் பாராட்டினேன். பன்னிரண்டு கறுப்பு மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன.

பாறைக்கு மேலே ஒரு வளைவில் பவித்ராவின் ஷூ வாயைப் பிளந்துவிட்டது. அடிப்பாகம் தனியே தொங்க, அவள் அழ ஆரம்பித்தாள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து புடவையில் குத்தியிருந்த பின்களை எல்லாம் கழற்றினேன். பவித்ராவின் துப்பட்டா நுனியைக் கிழித்து ஷூவைச் சுற்றிக் கட்டிப் பின் போட்டேன். யாழினி என் பக்கத்தில் நின்றிருந்தாள். நிமிர்ந்தபோது இல்லை. மற்றவர்களோடு முன்னால் போயிருப்பாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வானம் கொட்டிவிட்டது. எல்லோரும் பாறைக்குக் கீழே ஓடிப் புகுந்தோம்.

கடைசியாக அவர் வந்து சேர்ந்தார், மூச்சு வாங்குகிற குண்டுப் பையனை முதுகில் சுமந்துகொண்டு. இறக்கிவிட்டதும் முதல் வேலையாக ஸ்டாப்களைக் கூப்பிட்டார். சாயங்காலம் வேனில் கூப்பிடுகிற அதே வரிசை.

"லஸ்ஸு?"

"இருக்கேன்."

"கச்சேரி?"

"இருக்கேன் அங்கிள்."

"மந்தவெளி?"

நான் பவித்ராவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். "இருக்கோம்ண்ணா" என்றேன்.

அடையாறு, சாஸ்திரி நகர், திருவான்மியூர் என்று கடைசி வரைக்கும் போனார். பதினொரு ஸ்டாப், பதினொரு குரல். தலையை ஆட்டிவிட்டுப் பாறை விளிம்பில், மழை விழுகிற கோட்டுக்குச் சரியாக உட்புறம் போய் நின்றார்.

கால் மணி நேரத்தில் ஓடை சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் பிள்ளைகள் தாண்டிக் குதித்த கற்களைக் காணவில்லை. சார் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இடுப்பளவுதான் இருக்கும். துப்பட்டா எல்லாத்தையும் முடிஞ்சு கயிறாக்கி ஒவ்வொருத்தரா கடத்திடலாம். இன்னும் லேட்டானா கஷ்டம்."

வேன்காரர் திரும்பவில்லை. "தண்ணி கலர் மாறிச்சு பாரு சார். செவப்பா வருது. மேல எங்கியோ மண்ண அர்த்துக்கினு வருது. இப்ப எறங்குனா இடுப்பு. நடுவுல நிக்கும்போது மாரு."

"எவ்வளவு நேரம்தான் உட்கார்றது?"

"அது போவுற வரிக்கும். வந்த வேகத்துலதான் போவும். குந்து."

அவரைத் தவிர எல்லோரும் உட்கார்ந்தோம். பாறைக்குக் கீழே குனிந்துதான் இருக்க முடியும். பின்பக்கம் போகப்போகத் தாழ்ந்து, வௌவால் புழுக்கை நாற்றம் அடித்தது. முன்பக்கம் மழை தகரக் கதவு மாதிரி மூடிக்கொண்டது. கீழே ஓடை, மேலே வழுக்குப் பாறை. பதினைந்து பேர் படுத்தால் நிறைந்துவிடுகிற இடம். போனில் ஒரு கோடு கூட இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒண்ணுக்கு வந்தது. ஒருத்தி வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றார்கள். இருட்டான இருட்டு, பட்டப்பகலில். எல்லோரும் கறுப்புக் கவர் போட்டுக்கொண்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்திருந்ததில் எது யார் தலை என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சார் பிஸ்கட் பொட்டலங்களை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வாங்கியிருந்தார். கடைசியில் ஒன்று கையில் நின்றது.

"யாருக்கு வரல?" என்றார்.

எல்லோர் கையிலும் பொட்டலம் இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. பவித்ராதான் சொன்னாள். "அம்மா, யாழினி எங்க?"

நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டுப் பார்த்தேன். கவரின் கழுத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பி முகம் பார்த்தேன். பதினொன்று. மறுபடியும் தொட்டேன். பதினொன்று. வேன்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. ஸ்டாப்களை மனசுக்குள் சொல்கிறார் என்று தெரிந்தது. மந்தைவெளிக்கு வந்ததும் உதடு நின்றது.

நான் மழைக்குள் ஓடினேன். ஓடை வரைக்கும் போய்விட்டேன். தண்ணீரில் ஒரு கறுப்புக் கவர் வருகிறதா என்றுதான் கண் தேடியது. பின்னாலிருந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார். வலிக்கிற மாதிரிப் பிடித்தார்.

"உடுங்கண்ணா. அவ அம்மாவுக்கு நான் என்ன சொல்லுவேன்."

"ரெண்டு பேரத் தேட வெக்காத. வா."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒண்ணும் ஆகியிருக்காது என்று சார் சொன்னபோது, "அத எப்படி சார் சொல்ற?" என்று கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார். "மூணுல ஒண்ணு. மேல நின்னுட்டிருக்கணும். தண்ணி ஏர்றதுக்கு முன்ன தாண்டிப் போயிருக்கணும். இல்ல..." மூன்றாவதை முடிக்கவில்லை. "மேல போய்ப் பாக்குறேன். நீ புள்ளைங்கள எண்ணிக்கினே இரு. ஸ்டாப்பு வோணாம், தலைய எண்ணு."

கைகளை ஊன்றி அந்த வழுக்குப் பாறையில் ஏறிப் போனார்.

எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்று. பதினொன்று. குண்டுப் பையன் பிஸ்கட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, யாழினி தண்ணில போயிட்டாளா?" என்று கேட்டான். "வாய மூடுடா" என்று கச்சேரி ரோட்டுப் பையன் அவனை அடித்தான். அடித்துவிட்டு அவனே அழுதான். சார் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். மேலே போக முடியவில்லை, கீழே போக முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. என் கண்ணில் வச்சுப் பாத்துக்கிறேன் என்று சொன்ன என் குரல் அந்தப் பாறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பி வரும்போது முழங்காலிலிருந்து ரத்தம் மழையோடு ஓடிக்கொண்டிருந்தது. தனியாகத்தான் வந்தார்.

"கோயில்ல இல்ல" என்றார். மூன்றில் ஒன்று போயிற்று. மிச்சம் இரண்டு. அவர் உட்காரவில்லை. பாறை விளிம்பில் போய்க் கீழ்ப்பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மழை இரைச்சல் கொஞ்சம் தளர்ந்தது. அப்போது அவர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் வாய மூடு."

எனக்கு ஓடைச் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியிலிருந்து, ரொம்ப தூரத்தில், ஒரு வேன் ஹாரன். ஒரு நீளம். இரண்டு குட்டை. நின்றது. மறுபடியும் ஒரு நீளம், இரண்டு குட்டை.

"அபிராமபுரம்" என்றார்.

அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். மலை ஏறியதிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் கத்திய கத்தில் வௌவால்கள் வெளியே பறந்தன. ஹாரன் நிற்கவே இல்லை. "பேட்டரி போயிடும்ண்ணா" என்று நான் அழுதுகொண்டே சிரித்தேன். "போவட்டும்மா. நல்லா அடிக்கட்டும்" என்றார்.

ஐந்து மணிக்குமேல் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. குறுக்கே அவர் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கைக்குக் கை மாற்றிவிட்டார். இந்தத் தடவை தலையை எண்ணினார்.

யாழினி டிரைவர் சீட்டில் குப்பைக் கவரோடு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "நீங்கதான அங்கிள் வேன்ல குந்திக்கினு இருன்னு சொன்னீங்க" என்றாள், அவர் பேச்சிலேயே. நான் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் என்னை மெதுவாக விலக்கிவிட்டு, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு எழுந்து, "தள்ளுங்கடா" என்றார். பேட்டரி செத்துப் போயிருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மற்ற எல்லோரும் சேற்றில் நின்று தள்ளி வண்டியைக் கிளப்பினோம். மந்தைவெளி வரும் வரைக்கும் முன் கண்ணாடியில் அவர் கண் இரண்டு மூன்று தடவை என்மேல் வந்து போனது.

வழியில் சிக்னல் கிடைத்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் பேசிவிட்டார்கள். எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாழினியின் அப்பா, அம்மா, இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் அம்மா யூனிஃபார்மோடு இருந்தாள். பிள்ளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு இவளைப் பாத்துக்கிட்டது?" என்று கேட்டாள். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அடுத்து என்னைத்தான் பார்த்திருப்பாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"என் கணக்கு தப்பும்மா" என்றார் வேன்காரர். "ஸ்டாப்ப எண்ணுனேன். தலைய எண்ணல."

"பேரு கூடத் தெரியாம புள்ளைங்களை ஏத்துறியே, நீயெல்லாம் ஒரு ஆளா?" என்று யாழினியின் அப்பா கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 'இருக்கோம்' என்று சொன்னது நான்தான் என்று தொண்டை வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. இரைச்சல் ஓய்ந்ததும், "பொம்பள நனைஞ்சு நிக்குது. மந்தவெளிம்மா, நீ வூட்டுக்குப் போ" என்றார். போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து வேறு வேன். வண்டி எங்கே போகிறது என்று போனிலேயே தெரியும். எல்லா வாசலிலும் ஒரே மாதிரி ஹாரன்.

ஒரு மாசம் கழித்து அவரைத் தேடினேன். என் போனில் அவர் 'வேன்' என்றுதான் இருந்தார். அந்த நம்பர் போகவில்லை. பட்டினப்பாக்கத்துக்கு நேரில் போனேன். மீன் விற்கிற அம்மாவிடம் விசாரித்தேன். "பேரு இன்னா?" என்றாள். தெரியாது என்றேன். "வேன் ஓட்றவன் நாலு பேரு கீறான். பேரு இல்லாம எப்படிம்மா தேடுவ? அந்த பிளாக்கையே காலி பண்ணி எல்லாரையும் தூரத்துக்கு அனுப்பிச்சிட்டாங்க. எந்தப் பக்கம் போனான்னாவது தெரியுமா?" அதுவும் தெரியவில்லை. மூன்று வருஷம் எங்கள் எல்லோருக்கும் இறங்குகிற இடம் தெரிந்து வைத்திருந்தவர். அவர் இறங்குகிற இடத்தை ஒருத்தரும் கேட்டதில்லை.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. இருக்கோம் என்று யோசிக்காமல் சொன்னதுதான் என் தப்பு, கூட்டத்தில் அதைச் சொல்லாமல் விட்டது இன்னொன்று, இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசம் வரைக்கும்.

யாழினி இப்போது பிளஸ் டூ. பள்ளிக்கூடத்துப் பிரிவு விழாவுக்குப் புடவை கட்டவேண்டுமாம். ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள். தோள்பட்டை கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் வாயில் ஐந்து ஊசியோடு அவளைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் வாயில ஊசி வைக்கிறத விடலையா ஆன்ட்டி? அன்னிக்கு மலையிலயும் இப்படித்தான் இருந்தீங்க. பவி ஷூவைக் கட்டிக்கிட்டு. ஆன்ட்டி, குளிருது, நான் வேனுக்குப் போறேன்னு சொன்னேன். 'ம்'னீங்க. ஓடிட்டேன்."

என் கை நின்றது.

"அங்கிள்கிட்ட அன்னிக்கே சொன்னேனே. யாருகிட்ட கேட்டுட்டு வந்தேன்னார். மந்தவெளி ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்னேன். அவங்க வாயில ஊசி இருந்திச்சான்னு கேட்டார். ஆமான்னு தலையாட்டினேன். அப்ப சரி, இத யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத, ஆன்ட்டி ஏற்கெனவே பயந்து கீதுன்னார்." ரவிக்கையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அவர் பேரு என்ன ஆன்ட்டி?"

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டேன். தெரியாதும்மா என்றேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவே என்னையும் பத்திரமாக மந்தைவெளியில் இறக்கிவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். அது தெரிய எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது.

மிஷினை மூடினேன். ஷட்டரைப் பாதி இறக்கினேன். "என்ன ஆன்ட்டி, அதுக்குள்ள கடைய சாத்துறீங்க?" என்றாள். "உன் அம்மா வீட்டுலதான இருக்கா? நானும் வரேன்" என்றேன்.

தெருக்கோடி வீடுதான். அவள் அம்மா கதவைத் திறந்து, "வாங்கக்கா, என்ன இந்த நேரத்துல" என்றாள். என் வாயில் ஊசி எதுவும் இல்லை. சொல்ல ஆரம்பித்தேன்.